மடிப்புக் கலைந்த கோடி

அத்தியாயம் 14

இதனால் மலாக்கா, காஜா பேராங் வட்டாரத்து சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: மேற்படி வட்டாரத்தில் வசிப்பவரும், கித்தா என்கிற ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றின் தலைமைக் குமாஸ்தாவாகிய பெரிய கிராணியும், தமிழர் சீர்திருத்த ஐக்கிய சபையின் ஆயுட்காலச் செயலாளருமான ஸ்ரீமான் கலியாணசுந்தரம் அவர்கள், தமது ஒரே தங்கை சாரதாம்பாளை, எட்டு வருடத்துக் கோபத்தை ரத்து செய்து, பூரணமாக மன்னித்துவிட்டார். மன்னிப்பு இன்று சனிக்கிழமை காலை ஒன்பதேகால் மணி முதல் அமலுக்கு வருகிறது.

சாரதாம்பாள் இன்று விடியற்காலை நாலரைக்கே இறந்துபோனதால், அவளுக்கு மட்டும் இந்த அறிவிப்பைச் சேர்ப்பிக்க வழியில்லை.

தந்தி ஒன்பது மணிக்கு வந்தது. 'சாரதா காலமானாள். அடக்கம் மாலை நான்கு. நல்லையா.'

நல்லையாவை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜொகூர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவன். பெரிய கிராணியின் தங்கை அவனைக் கட்டிக்கொண்டு போனபோது, மனிதரில் ஏற்றத்தாழ்வு இல்லை என்று வாரந்தோறும் மேடையில் முழங்கிய கலியாணசுந்தரம், வீட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். அவள் எழுதிய முதல் கடிதத்தைப் பிரிக்காமலே அடுப்பில் வைத்தார். இரண்டு வருடம் கழித்து வந்த இரண்டாவது கடிதம் அவர் கைக்குப் போகவில்லை. அவருடைய மனைவி பாக்கியலட்சுமி தபால்காரரிடமிருந்து வாங்கிப் படித்து, அழுது, பிறகு பேனாவை எடுத்து, 'அன்புத் தங்கைக்கு, அண்ணன் கலியாணசுந்தரம் எழுதிக்கொண்டது' என்று ஆரம்பித்துவிட்டாள்.

ஆறு வருடமாக அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. கலியாணசுந்தரம் தம் தங்கைக்கு நல்ல நல்ல கடிதங்களாக எழுதிக்கொண்டிருந்தார். அது அவருக்குத்தான் தெரியாது.

"பாக்கியம், கோடி எங்கே?"

"இதோ எடுத்து வைக்கிறேங்க."

பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போக வேண்டும். கடையில் மடித்த மடிப்பு, அந்த உடம்பின் மேல்தான் பிரிய வேண்டும். வழியில் யாரும் பிரிக்கக் கூடாது. பாக்கியம் பெட்டியைத் தனியாகத் திறந்து, அரக்குச் சேலையின் உள்மடிப்பைக் கொஞ்சமே கொஞ்சம் விலக்கி, சாரதாவின் கடிதங்களை உள்ளே செருகினாள். பதினேழு இருந்தன. சேலையைப் போர்த்துகிறபோது சவப்பெட்டிக்குள் தள்ளிவிட்டால் எழுதியவளோடேயே போய்விடும் என்று அவள் கணக்கு. பதினேழாவது வியாழக்கிழமை வந்தது. அதை அவள் இன்னும் பிரிக்கவில்லை. முந்தைய கடிதத்தில் சாரதா 'அண்ணா, ஒரே ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள்' என்று எழுதியிருந்தாள். அதற்குப் பாக்கியம், வரப்போகிற சுதந்திர நாளைக் கணக்கு வைத்து எழுதிய பதில், 'மெர்டேக்கா முடிந்ததும் வருகிறேன்.' அதற்கு அவள் என்ன எழுதியிருப்பாள் என்று பார்க்கத் தைரியம் வரவில்லை.

கூடத்தில் கலியாணசுந்தரம் அரிசி ஜாடியைத் திறந்து வெள்ளைத் துணியில் அரிசி கொட்டிக்கொண்டிருந்தார். வாய்க்கரிசி. அவர்கள் வீட்டில் அதுவும் பிறந்த இடத்திலிருந்துதான் போகும்.

பாக்கியம் வாயைத் திறந்தாள். எல்லைக்கு அப்பால் அரிசி கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்து சர்க்காரோடு சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அங்கே எல்லோருக்கும் பொதுச் சமையல்கட்டில் வெந்த சோறுதான். நாலு வருடமாகக் கட்டுப்பாடு நீங்கிய மலாக்காவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது மறந்தேபோயிருந்தது. அவளுக்குத் தெரியும். சாரதா எழுதியிருந்தாள்.

"என்ன?" என்றார் கலியாணசுந்தரம்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். பாக்கியம் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லேங்க. நேரமாகுது."

நேரம் ஆகத்தான் செய்தது. பெரிய கிராணி இரங்கலுரை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம். சாவு வீட்டில் நாலு வார்த்தை பேசாவிட்டால் சபையின் கௌரவம் என்ன ஆவது. வாடகைக் காடி பதினொன்றரைக்குப் புறப்பட்டது.

காடியை ஓட்டியவர், பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறியவர்களின் ஊரான பக்கத்துச் செட்டி கம்பத்து இராமலிங்கம். நெற்றியில் திருநீறு, வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களும் பலகாரப் பெயர்களும் மட்டும் தெரியும். செமாபோக்கைத் தாண்டும்வரை துக்கத்துக்கு மரியாதையாகப் பேசாமல் வந்தார். பிறகு மலாயில், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று கேட்டார். நாலு என்றதும் காலை அழுத்தினார்.

கலியாணசுந்தரம் சன்னல் பக்கம் திரும்பியே இருந்தார். ஜாசின் தாண்டியபோது, "அவளுக்குக் கோழி முட்டைன்னா பிடிக்காது" என்றார்.

எல்லைச் சாவடிக்கு ஒன்றே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சாலைக்குக் குறுக்கே மூங்கில் தடுப்பு, மணல் மூட்டைகள், ஒரு தகரக் கொட்டகை. முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். மாத்தா என்கிற போலீஸ்காரன் ஒருவன் குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தூக்குச்சட்டியாகக் கிளறினான். அடுத்த சட்டிக்கும் அதே குச்சி.

காடியின் பின்பெட்டியைத் திறந்தவர் வயதான மலாய்க்கார கோப்ரல். மேலாக இருந்த வெள்ளை முடிச்சை அமுக்கிப் பார்த்தார். இது என்ன என்று கேட்டார்.

"ஓராங் மாத்தி பூஞா பெராஸ்" என்றார் இராமலிங்கம். செத்தவருடைய அரிசி.

கோப்ரல் முடிச்சை அவிழ்த்தார். இரண்டு கை அரிசி. காட்டுக்குள் ஒரு பட்டாளத்தைப் போஷிக்க அது போதாது என்று அவருக்கும் தெரிந்தது. கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, சாக்கடையில் கொட்டிவிட்டு சீக்கிரம் போங்கள் என்றார்.

இந்தக் கதை இந்த இடத்தில் முடிந்திருக்கலாம். மணி இன்னும் இரண்டு ஆகவில்லை.

"கொட்டிடலாங்க" என்றாள் பாக்கியம். "நானே கொட்டுறேன்."

"இறந்தவளுக்கு எடுத்துவந்ததைச் சாக்கடையிலயா?"

"சாரதா ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா. நீங்க வந்தாப் போதும் அவளுக்கு."

"பாக்கியம், இது அரிசி விஷயமில்லே. கொள்கை விஷயம்."

கொள்கை என்ற சொல் அவர் வாயில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிந்ததில்லை. அடுத்த சனிக்கிழமை மெர்டேக்கா கூட்டத்தில் 'தனிமனிதன் உரிமைகள்' என்று பேசுவதற்காக மூன்று வாரமாகப் படித்துக்கொண்டிருந்தார். எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பஸ்காரர்களுக்கும் கேட்கும்படி, சுத்தமான இங்கிலீஷில் கேட்டார்:

"என் உடைமைகளைச் சோதிக்க உங்களிடம் வாரண்ட் இருக்கிறதா?"

கோப்ரலுக்கு இங்கிலீஷ் புரியவில்லை. கொட்டகைக்குள் இருந்த துரைக்குப் புரிந்தது. வெளியே வந்தான். இருபத்தி நாலு வயது இருக்கும். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. அவனுக்கு இங்கே இன்னும் ஒரு வாரம்தான் அதிகாரம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. மிச்சம் வைக்காமல் செலவழிக்கத் தீர்மானித்திருந்தான்.

"வாரண்ட் தேவையில்லை" என்றான். "அவசரகாலச் சட்டம். எந்த வண்டியையும் நிறுத்தலாம். எந்தப் பெட்டியையும் திறக்கலாம்."

அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடமாகச் சட்டம் அப்படித்தான் இருந்தது. தூக்குச்சட்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். பெரிய கிராணிக்குத்தான், அவருடைய பெட்டியை இதுவரை யாரும் திறக்காததால், தெரிந்திருக்கவில்லை.

"நாகரிக நாடுகளில்…" என்று ஆரம்பித்தார்.

"எல்லாவற்றையும் வெளியே எடு" என்றான் துரை.

சாலையோரத்தில் ஒரு தார்ப்பாயை விரித்தார்கள். கலியாணசுந்தரத்தின் மாற்று வேட்டி வந்தது. வாயு மாத்திரை டப்பி வந்தது. பாக்கியத்தின் உள்பாவாடை வந்தது. அதை ஒரு மாத்தா இரண்டு கையால் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தான். இரங்கலுரை இரண்டு பக்கம் வந்தது. கடைசியில் ஒரு சிறிய புட்டி. துரை மூடியைத் திறந்து மோந்து, விரலில் தொட்டுப் பார்த்தான். விரல் கறுப்பானது.

"மீசைக்கு" என்றார் கலியாணசுந்தரம், மிகவும் மெதுவாக.

பஸ் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாக்கியம் அதையெல்லாம் கவனிக்கவில்லை. அவள் கண் பெட்டியின் அடியில் இருந்த அரக்கு நிறத்திலேயே இருந்தது.

"துரை, அது கோடி. பிரிக்கக் கூடாது" என்றாள் தமிழில். அவன் பக்கம் கைகூப்பினாள். "வேணாம்னு சொல்லுங்களேன், யாராச்சும்."

இராமலிங்கம் கோப்ரலிடம் மலாயில் வேகமாகச் சொன்னார். கோப்ரல் துரையிடம் ஏதோ சொன்னார். துரை சேலையின் ஒரு முனையைப் பிடித்து உதறினான்.

ஐந்தரை கஜமும் சாலையில் விரிந்தது. கடிதங்கள் தார்ப்பாய் முழுக்கச் சிதறின.

கலியாணசுந்தரம் குனிந்து ஒன்றை எடுத்தார். உறையில் தம் பெயரைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். சாரதாவின் கையைப் பிடித்து அவரே எழுதப் பழக்கிய எழுத்து. நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"இதெல்லாம் எப்போ வந்துச்சு?"

துரை கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். சேலைக்குள் மறைத்த கடிதங்கள், அரிசி, எல்லைக்கு அப்பால் ஒரு தோட்டம். துரையின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளைக் கூப்பிட்டான்.

மருதமுத்து என்று ஒருவன் வந்தான். ஐந்தாம் வகுப்பு படித்தவன். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், அதுவும் உரக்க.

"அன்…புள்ள அண்ணா…வுக்கு. உங்கள் கடி…தம் கிடைத்தது. நான் சின்னதில் உங்கள் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்ததை நீங்கள் இன்னும் மறக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு முழுக்க அழுதேன். அவர் என்ன என்று கேட்டார். என் அண்ணனுக்கு என் மேல் கோபம் போய்விட்டது என்று சொன்னேன்."

"என்ன சொல்கிறது?" என்றான் துரை.

"தேங்க்யூ சொல்றாங்க, சார்."

"இவ்வளவு நேரம் வாசித்தாயே?"

"ரொம்ப தேங்க்யூ, சார்."

துரை வேறொன்றை எடுத்துக் கொடுத்தான். மருதமுத்து தொண்டையைச் செருமினான்.

"அண்ணா, முன்னெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவீர்கள், ஒன்றும் புரியாது. இப்போது சுருக்கமாக, பேசுகிற மாதிரி எழுதுகிறீர்கள். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது."

பஸ் வரிசையில் தூக்குச்சட்டியோடு நின்ற ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பாக்கியம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு வருடமாக அடுப்படியில் ஒளித்து ஒளித்து எழுதியது நடுச்சாலையில், ஒரு மாத்தா வாயில், அம்பலமாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவதாக எடுத்த கடிதம் இரண்டு மாதத்துக்கு முந்தியது.

"இங்கே இப்போது அரிசியைக் கண்ணால் பார்க்க முடியாது. வெந்த சோறுதான் கொடுக்கிறார்கள். ஆறிப்போய் வருகிறது. எனக்கு இருமல் அதிகமாகிவிட்டது, வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. நம் வீட்டு அரிசியில் ஒரு கை கஞ்சி வைத்துக் குடித்தால் தேவலை என்றிருக்கிறது. அதற்காக அனுப்பிவிடாதீர்கள், அண்ணா. வழியில் பிடிப்பார்கள், பெரிய குற்றம். சும்மா சொன்னேன்."

மருதமுத்து நிறுத்தினான்.

"சொல்" என்றான் துரை.

அவன் சொன்னான். வேறு வழியில்லை. சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை.

துரை கலியாணசுந்தரத்தின் பக்கம் திரும்பினான். "அரிசி கொண்டுபோவது குற்றம் என்று இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயருக்கு வந்த கடிதம். தெரிந்தே கொண்டுவந்தீர்கள்."

பாக்கியத்துக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி புரிந்தது. பதிலும் சுலபமானது. இந்தக் கடிதங்களை நான் பார்த்ததே இல்லை, என் தங்கை எனக்கு எழுதியதை எட்டு வருடமாக நான் வாசித்ததில்லை, வாசித்தவள் இவள், பதில் எழுதியவளும் இவள் என்று சொன்னால் போதும். உண்மையும் அதுதான். அவர் போகலாம். அவளைத்தான் நிறுத்திவைப்பார்கள்.

அவள் முன்னால் ஓர் அடி வைத்தாள். "நான்தாங்க…"

"நீ சும்மா இரு" என்றார் கலியாணசுந்தரம்.

பிறகு துரையிடம் சொன்னார். வழக்கமாக அவர் இங்கிலீஷ் நீளமாக இருக்கும். இது சின்னதாக இருந்தது.

"என் கடிதங்கள்தான். எல்லாம் நான் படித்தவை. பதிலும் நான்தான் எழுதினேன்."

"அரிசி?"

"தெரிந்துதான் கொண்டுவந்தேன்."

கோப்ரல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடைசியாகப் பிரிக்காத உறை ஒன்று இருந்தது. துரை கிழித்து மருதமுத்துவிடம் நீட்டினான். நாலே வரி. மருதமுத்து மனதுக்குள் வாசித்தான். வாசித்துவிட்டு உறையில் இருந்த பெயரை ஒரு முறையும் பாக்கியத்தை ஒரு முறையும் பார்த்தான்.

"எழுத்துச் சரியா விளங்கலே, சார்" என்றான்.

"பெரிய ஸ்டேஷனில் மொழிபெயர்க்கட்டும்" என்று துரை அதை மட்டும் தனியே ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டான். மற்ற பதினாறையும் ஒரு சணல் கயிற்றால் கட்டித் திருப்பிக் கொடுத்தான்.

வாக்குமூலம் எழுத ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே எழுத வேண்டியவர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வந்தபோது அச்சடித்த பாரம் தீர்ந்துபோயிருந்தது, இன்னோர் அறையிலிருந்து எடுத்துவர ஆள் போனான். பெயர், தகப்பன் பெயர், தொழில். இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டபோது கலியாணசுந்தரம் 'அண்ணன்' என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்தது. பாக்கியம் வாசல் பெஞ்சில், சாலை மண் ஒட்டிய சேலையை மடியில் போட்டு, பழைய மடிப்பு வருமா என்று மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. கடையில் இரண்டு பேர் பிடித்து மடித்தது அது.

நாலு அடித்தபோது அவள் கையை நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடியும் மடித்தாள்.

செப்டம்பர் இரண்டாம் வாரம் கோர்ட்டுக்கு வரும்படி காகிதம் கொடுத்து நாலேமுக்காலுக்கு விட்டார்கள். சுதந்திர மலாயாவின் நீதிமன்றத்தில் முதன்முதலாக ஏறப்போகிறவர்களில் ஒருவராகும் பாக்கியம் பெரிய கிராணிக்குக் கிடைத்தது. அரிசியை அத்தாட்சியாக வைத்துக்கொண்டார்கள்.

இராமலிங்கம் காடியை எடுத்தார். இரண்டு பக்கமும் கித்தா மரங்கள். மழை லேசாகத் தூற ஆரம்பித்தது.

கலியாணசுந்தரம் சன்னலை விட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"நான் அவளுக்கு என்ன எழுதினேன்?"

பாக்கியம் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு, பாக்கியம். முதல்ல என்ன எழுதினேன்?"

"முதல்லயா?" என்றாள். "நல்லையா நல்லவனாம்மா, உன்னை அடிக்கிறானான்னு கேட்டீங்க. இல்லேன்னு எழுதினா. அப்புறம் உங்க முட்டிவலி பத்தி எழுதினீங்க. அவ ஏதோ எண்ணெய் சொன்னா. போன வருஷம் உங்களுக்கு நான் தேய்ச்சுவிட்டேனே, அது."

"ம்."

"தீபாவளிக்கு அவளுக்குச் சேலை அனுப்பினீங்க. பச்சை. நான் எனக்குன்னு வாங்கினதா சொன்னேனே."

"அவளுக்குப் பச்சை பிடிக்கும்."

"ஆமா. எழுதியிருந்தா."

"அந்தத் தேர் விஷயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அம்மா ஒரு தடவை சொன்னாங்க. எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க. தெரிஞ்சதை வெச்சுத்தான் எழுதினேன்."

"தேர் பார்த்தது நிஜம்தான்" என்றார் அவர். "என் சட்டையிலே வாந்தி எடுத்துட்டா." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"கடைசியா?" என்றார் அவர்.

பாக்கியம் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வந்து பார்த்துட்டுப் போங்கன்னு கேட்டிருந்தா. மெர்டேக்கா முடிஞ்சதும் வரேன்னு எழுதினீங்க. உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா எல்லாம் வெளிய வந்துடும்னு பயந்துட்டேன். அதுக்கப்புறம் அவளுக்கு எழுத யாருமே இருக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்."

அவர் சட்டைப்பையிலிருந்து இரங்கலுரையை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் ஒரு முறை பார்த்து, கிழிக்காமல், நாலாக மடித்து மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.

"நீ சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனா?"

பாக்கியம் சேலையைப் பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

தோட்டத்து வாசலில் காடியை நிறுத்தவில்லை. தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயத்துக்குப் போகிற செம்மண் பாதையில் நேரே விட்டார் இராமலிங்கம். ஆண்கள் சிலர் தலை ஈரத்தோடு எதிரே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். காடியைப் பார்த்ததும் ஒதுங்கி வழிவிட்டார்கள். கலியாணசுந்தரம் சன்னல் வழியாக, எந்த வீடு என்று கேட்டார். ஒருவர் கையைக் காட்டினார்.

வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.